கடலில் விழாத கப்பல்

எங்கள் புஞ்சைக்குக் கப்பக்காடு என்று பெயர். ஆனைக்குட்டம் அணைக்கு மேற்கே, கண்மாயை ஒட்டிக் கிடக்கும் கரிசல். மழை பெய்தால் மக்காச்சோளம், பருத்தி. பெய்யாவிட்டால் ஒன்றும் இல்லை. புதிதாக வருகிறவர்கள் கப்பக்கிழங்கு போட்ட காடா என்று கேட்பார்கள். கரிசலில் கிழங்கு அழுகிப் போகும். கப்பல் விழுந்த காடு என்பதுதான் தேய்ந்து கப்பக்காடு ஆனது.

கப்பல் என்றால் ஆகாசக் கப்பல். ஏரோப்பிளேனுக்கு அந்தக் காலத்தில் எங்கள் ஆட்கள் வைத்திருந்த பெயர். சிலர் பறக்குற கப்பல் என்பார்கள். பலர் வெறும் கப்பல் என்றே சொல்லிவிடுவார்கள். கடலைப் பார்த்தவர் ஊரில் யாரும் இல்லை. அதனால் குழப்பமும் இல்லை.

இரண்டாம் உலகச் சண்டையின்போது, ஓர் ஐப்பசி மழையில் அது விழுந்தது. என் அப்பா அப்போது இளவட்டம். கண்மாய்த் தண்ணீரில் அடித்து, கரையேறி, எங்கள் புஞ்சையில் வந்து கிடந்து எரிந்தது என்பார். அடங்கியதும் அப்பாவும் வேறு சிலரும் போய்ச் செத்தவர்களை எடுத்தார்கள். புஞ்சையின் மூலையில் மூன்று குழி வெட்டிப் புதைத்தார்கள். "ரெண்டு ஆம்பளை, ஒரு பொம்பளை" என்பார் அப்பா. அதற்கு மேல் அவர் சொன்னதில்லை. நாங்களும் கேட்டதில்லை. எங்கள் வீட்டில் பேச்சு கம்மி.

அந்த மூலையில் நாங்கள் உழுததில்லை. டிராக்டர் வந்த பிறகும் சுற்றித்தான் ஓட்டினோம். ஒரு வேம்பு தானாக முளைத்துப் பெரிதானது. கார்த்திகைக்கு அப்பா மூன்று விளக்கு வைப்பார். அவருக்குப் பிறகு என் மனைவி வைத்தாள். ஊர்ப் பெண்கள் நடுக் குழிக்கு மட்டும் மஞ்சள் வைத்துக் கும்பிட்டுப் போவார்கள். அதுதான் பொம்பளை குழி.

புஞ்சை எனக்கும் தம்பிக்கும் கூட்டுப் பட்டா. ஒரு பட்டாசு கம்பெனி விலைக்குக் கேட்டது. தம்பிக்கு விற்க வேண்டிய அவசரம் இருந்தது. எனக்கும் முட்டி போய்விட்டது. விற்கலாம் என்றுதான் நானும் சொன்னேன். புரோக்கர் வந்து வரப்பில் நின்று நாலு பக்கமும் பார்த்தார்.

"இடம் முழுசா வேணும் அண்ணாச்சி. ஷெட்டுக்கும் ஷெட்டுக்கும் நடுவுல அம்புட்டு தூரம் விடணும்னு சட்டம் இருக்கு. மூலை மிச்சம் வச்சா லைசென்ஸ் வராது."

"முழுசா எடுத்துக்கோங்க. செத்தவங்களை எடுத்தப்புறம்தான் கையெழுத்து" என்றேன்.

"எந்தச் செத்தவங்க?"

"வேம்பு மூட்டுல இருக்கவங்க."

"சாமியா? சாமின்னா வெளிய ரோட்டோரமா ஒரு பீடம் கட்டிக் குடுத்துருவோம்."

"சாமி இல்ல. ஆளு."

புரோக்கர் தம்பியைப் பார்த்தார். தம்பி வானத்தைப் பார்த்தான். அவர் வண்டி கிளம்பியதும் என்னிடம் திரும்பினான்.

"எம்பது வருசமா அவுகளே ஒன்னும் கேக்கல. ஒனக்கு என்னண்ணே வந்துச்சு?"

"ஜேசிபி உள்ள எறங்குனா எலும்பு மண்ணோட போயிரும்லே."

"போனா?"

"போகக் கூடாது."

"ஒங்கிட்ட பேசுறதும் பம்புசெட்டுகிட்ட பேசுறதும் ஒன்னு. பம்புசெட்டாவது கரண்டு வந்தா சத்தம் போடும்."

எனக்கு என்ன வந்தது என்பதை அன்றைக்கு அவனிடம் சொல்லவில்லை. அவனுக்குத் தெரிந்ததுதான். ஆனால் அது நடந்தபோது அவன் சின்னப் பையன்.

எங்கள் அக்கா ஒரு பட்டாசு ஆலைக்கு வேலைக்குப் போய்வந்தாள். பக்கத்து வீட்டுக்காரிக்கும் அங்கேதான் வேலை. ஒருநாள் அவளுக்குக் காய்ச்சல். ஆள் குறைந்தால் வேலை போய்விடும் என்று அவள் பெயரில் அவள் இடத்தில் அக்கா போய் உட்கார்ந்தாள். அந்த ஷெட்தான் வெடித்தது. செத்தவர் பெயர்கள் வந்தபோது பக்கத்து வீட்டுக்காரி பெயர் இருந்தது. அக்கா பெயர் இல்லை. அக்காவை நாங்கள்தான் வாங்கி வந்து எரித்தோம். கால் கொலுசைப் பார்த்து அம்மா சொன்னாள். ஆனால் காகிதத்தில் அக்கா உயிரோடு இருந்தாள். பக்கத்து வீட்டுக்காரிதான் செத்திருந்தாள். ரேஷன் கார்டில் அவள் பெயரை எடுத்துவிட்டார்கள்.

நானும் பக்கத்து வீட்டுக்காரியும் ஆபீஸ் ஆபீஸாக நடந்தோம். ஒருநாள் அவள் மேஜைக்கு முன்னால் போய் நின்றாள். "சார், நாந்தான் செத்தவ. இன்னைக்காச்சும் எனக்கு உசுரு குடுங்க. வீட்டுல ஒலை வச்சுட்டு வந்துருக்கேன்" என்றாள். ஆபீஸே சிரித்தது. அவளும் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. செத்தவர் பட்டியலில் அவள் பெயர் இறங்கினால்தான் அக்கா பெயர் ஏறும். கடைசியில் ஏறியது. அந்தத் தாளை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றைக்குத்தான் அம்மா சத்தம் போட்டு அழுதாள்.

அது போதும். புஞ்சைக்கு வருகிறேன்.

எலும்பை நாமே எடுத்தால் போலீஸ் கேஸ் ஆகும் என்று கிராம ஆபீஸில் சொன்னார்கள். சண்டையில் செத்தவர்களுக்கென்று தனி ஆபீஸ் உண்டாம். அவர்கள் வந்து முறைப்படி எடுத்து, அதற்கான கல்லறையில் வைப்பார்களாம். அவர்களுக்கு இங்கிலீஷில் எழுத வேண்டும். என் மனைவியின் தங்கை சிவகாசியில் ஒரு பிரஸ்ஸில் இங்கிலீஷ் புரூஃப் பார்க்கிறாள். பாடப் புத்தகம், டைரி, காலண்டர். தப்பைக் கண்டால் அவளுக்குக் கை நிற்காது. கல்யாணப் பத்திரிகை கொடுத்தால் முதலில் தப்பைக் காட்டுவாள். அப்புறம்தான் யாருக்குக் கல்யாணம் என்று கேட்பாள். அவளிடம் சொன்னேன்.

அவள் ஆபீசுக்கும் எழுதினாள். நெட்டில் தேடி இன்னொருவரையும் பிடித்தாள். வெளிநாட்டில் ஒரு பெரியவர். அந்தச் சண்டையில் விழுந்த விமானங்களின் பட்டியல் ஒன்றைப் பல வருஷமாக வைத்து, தப்பு இருந்தால் திருத்திக்கொண்டே இருக்கிறார். சம்பளம் கிடையாது. அவர் சொன்னால் ஆபீஸ் கேட்கும் என்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியவரின் பதிலைப் போனில் எடுத்துக்கொண்டு வந்தாள். முற்றத்தில் என் மனைவி கடலை உடைத்துக்கொண்டிருந்தாள்.

"மச்சான், சொல்றதைக் கேட்டுட்டு ஒக்காருங்க" என்றாள் கொழுந்தியாள்.

"நின்னே கேக்குறேன்."

அந்த மழைக்காலத்தில் இந்தப் பக்கம் ஒரே ஒரு விமானம்தான் காணாமல் போயிருக்கிறது. அதில் இரண்டு பேர். கடலில் விழுந்தது, உடல் கிடைக்கவில்லை என்று பதிவு. கல்லறை இல்லாதவர்களுக்கு ஒரு சுவர் இருக்கிறதாம். அதில் அவர்கள் பெயர் வெட்டியிருக்கிறதாம். நீங்கள் சொல்லும் இடம் கடலிலிருந்து வெகு தூரம். அதோடு ஒரு பெண்ணும் இருந்ததாகச் சொல்கிறீர்கள். அந்த விமானங்களில் பெண்கள் போனதே இல்லை. ஆகவே இது அது இல்லை. உங்கள் ஊர்க் கதை சுவையாக இருந்தது, நன்றி.

"சுவையாமா? என்னடி, அதிரசமா அது?" என்றாள் என் மனைவி.

"வெள்ளைக்காரன் மரியாதையா வேணாம்னு சொல்றான்க்கா."

"கடல்ல விழுந்ததை யாரு பார்த்தான்னு கேளு" என்றேன்.

"மச்சான், எம்பது வருசம்…"

"கேளு."

கேட்டாள். அடுத்த பதில் வர நாளானது. பெரியவர் எங்கேயோ போய்ப் பழைய விசாரணைத் தாளைத் தேடி எடுத்துப் படம் பிடித்து அனுப்பியிருந்தார். கொழுந்தியாள் முதலில் மனதுக்குள் படித்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்ன?"

"இருங்க, இருங்க. தமிழ்ல சொல்றேன்." மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள். விமானம் விழுந்து சில வாரம் கழித்து ஓர் அதிகாரியும் மொழிபெயர்க்க ஓர் ஆளும் ரோட்டு வழியாக வந்திருக்கிறார்கள். எங்கும் வெள்ளம். கரிசல் சேற்றில் வண்டி இறங்கவில்லை. ரோட்டுக்கு வந்த ஊர்க்காரர்களைக் கேட்டிருக்கிறார்கள். அதிகாரி எழுதியது இதுதான்: விமானத்தைப் பற்றி இவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஏதோ ஒரு கப்பல் பெரிய தண்ணீரில் விழுந்து எரிந்ததாகச் சொல்கிறார்கள். இங்கே கப்பல் போகிற தண்ணீர் எதுவும் இல்லை. கடற்கரையிலிருந்து வந்த வதந்தியாக இருக்கலாம். விமானம் இந்த ஊரைத் தாண்டிப் போய்க் கடலில் விழுந்திருக்க வேண்டும்.

என் மனைவி சுளகைத் தள்ளிவைத்துவிட்டுச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"கப்பல்னா கப்பல்னே எழுதிட்டானே, பாவி!"

"ஒரே ஒரு வார்த்தைக்கா. அந்த மொழிபெயர்த்த ஆளு மட்டும் நம்ம பக்கத்து ஆளா இருந்திருந்தா…"

"மெட்ராஸ்காரனா இருப்பான். அவுக ஊர்லதான் நெசக் கப்பல் இருக்கே."

எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அப்பாவும் மற்றவர்களும் ரோட்டோரத்தில் நின்று கையைக் காட்டிக் காட்டிச் சொல்லியிருப்பார்கள். சொன்னதும் போயிற்று, காட்டியதும் போயிற்று. "அவருக்கு எழுது" என்றேன்.

கொழுந்தியாள் விளக்கி எழுதினாள். பெரியவர் நல்ல மனிதர். கப்பல் விஷயம் நியாயம்தான், தான் இதை யோசிக்கவே இல்லை என்று ஒத்துக்கொண்டார். ஆனால் அந்தப் பெண் இடிக்கிறது என்றார். பெண் இருந்தால் அது வேறு ஏதோ விபத்து. உங்கள் அப்பா தவறாகச் சொல்லியிருக்கலாமா என்று கேட்டார். கல்லறை ஆபீஸும் அதையே சொன்னது. ஊகத்தை நம்பித் தோண்ட முடியாது என்றார்கள்.

இதற்குள் புரோக்கர் தம்பிக்குப் போன் மேல் போன். கம்பெனிக்குச் சாத்தூர்ப் பக்கம் வேறு இடம் காட்டியிருக்கிறார்கள், சித்திரை வரைதான் பொறுப்பார்கள் என்றார். தம்பி புஞ்சைக்கே வந்துவிட்டான்.

"பொம்பளையை விட்டுருண்ணே. ரெண்டு பேருன்னு எழுதச் சொல்லு. அவுக லிஸ்டும் ரெண்டு, நம்ம சொல்றதும் ரெண்டு. முடிஞ்சது வேலை."

"மூணு குழி இருக்குலே."

"அப்பா என்ன கோர்ட்டுல சத்தியமா பண்ணாரு? சும்மா சொல்லியிருப்பாரு."

"சும்மா சொல்ற ஆளா அவரு?"

அப்பா சும்மா எதுவும் சொன்னதில்லை. தேவைக்கே சொல்ல மாட்டார்.

"அப்ப என்னதான் செய்யப் போற?"

"நடுக் குழியைத் தோண்டிப் பார்க்கப் போறேன். பொம்பளை இருந்தா, இது அந்த விமானம் இல்ல. மூடிட்டு விலை பேச்சை விட்டுரலாம். நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"நான் என்ன செய்ய?" என்றான் தம்பி. முகம் கறுத்துவிட்டது. அவனுக்கு அந்த இடம் விற்றே ஆக வேண்டும். எனக்கும் தெரியும். ஆனாலும் சொன்னேன்.

மாசியில் ஒரு காலை போனேன். கிராம ஆபீஸில் இப்படி இப்படி என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்; எலும்பு தெரிந்தால் தொடாமல் மூடிவிட வேண்டும் என்றார்கள். என் மனைவி சூடம் ஏற்றி, "தாயி, தப்புன்னா மன்னிச்சுக்கோ" என்றாள். ஊர்ப் பெண்கள் வரப்பில் வரிசையாக நின்றார்கள். ஒருத்திக்கும் பிடிக்கவில்லை. கடப்பாறையை நான் ஓங்கும்போது பின்னாலிருந்து ஒரு கை பிடித்தது. தம்பி.

"முட்டியை வச்சுக்கிட்டு நீ தோண்டுனா சித்திரை வந்துரும். தள்ளு."

கரிசல் வெடித்துப் பாளம் பாளமாக இருந்தது. மேல் மண் சுலபமாக வந்தது. அதற்குக் கீழே இறுகல். முழங்கால் ஆழத்தில் ஒன்றும் இல்லை. தம்பி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே இறங்கினான். இடுப்பு ஆழத்தில் கடப்பாறை 'டங்' என்றது.

"கல்லா?"

"கல்லு இப்படிச் சத்தம் போடாதுண்ணே."

கையாலேயே மண்ணை விலக்கினோம். தகரம். இரண்டாக மடங்கிக் கிடந்தது. எலும்பு இல்லை. துணி இல்லை. அதை மட்டும் தூக்கி மேலே போட்டோம். கனம் இல்லை. அலுமினியச் சட்டி மாதிரிதான் இருந்தது. என் மனைவி குடத்திலிருந்து தண்ணீர் ஊற்றினாள். கொழுந்தியாள் முந்தானையை எடுத்து மெதுவாகத் துடைத்தாள்.

முதலில் சிவப்பாக ஒரு வாய் வந்தது. பிறகு ஒரு கண். பிறகு மஞ்சள் முடி. மறு கண்ணும் கழுத்தும் உரிந்து போயிருந்தன. பெயிண்டில் வரைந்த பெண். விமானத்தின் மூக்கில் வரைந்து வைப்பார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டோம். படத்துக்குக் கீழே நீல எழுத்தும் சில எண்களும் இருந்தன.

வரப்பில் நின்ற பெண்கள் கிட்டே வந்து எட்டிப் பார்த்தார்கள்.

"அண்ணே, பொம்பளை" என்றான் தம்பி குழிக்குள்ளிருந்து.

"ம்."

அந்தக் கப்பலின் தகரத்தை ஊரே உருக்கிப் பாத்திரம் செய்துகொண்டது. எங்கள் வீட்டுச் சோற்றுச் சட்டி மூடி கூட அதுதான். ரோட்டோரம் வந்த அதிகாரியிடம் கப்பல் விழுந்தது என்பதற்கு மேல் ஊர் பேசாததற்கும் அதுதான் காரணமாக இருக்கும். கேட்டால் திருப்பித் தர வேண்டும். ஆனால் இந்த ஒரு துண்டை உலையில் போட யாருக்கும் மனம் வரவில்லை. முகம் இருக்கிறதே. செத்தவர்களோடு வந்தவள். அவர்களுக்கு நடுவில் குழி வெட்டி வைத்துவிட்டார்கள். அப்பா சொன்னது சரி. நாங்கள் புரிந்துகொண்டதுதான் தப்பு.

கொழுந்தியாள் போனில் படம் எடுத்தாள். எண்களைக் கிட்டத்தில் எடுத்தாள். அங்கேயே உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாள்.

"மூணு பேர் இல்ல, ரெண்டு பேர்தான், நாங்க சொன்னது தப்புன்னும் எழுது" என்றேன்.

"அது எதுக்கு மச்சான்? நம்பர் கெடைச்சுருச்சு. இனி அவரே புரிஞ்சுக்குவாரு."

"எழுது."

எழுதினாள். பெரியவர் எண்ணை ஒத்துப் பார்த்தார். சரியாக இருந்தது. அவர் எழுதிய பதிலைக் கொழுந்தியாள் படித்துச் சொன்னாள். அந்த இரண்டு பேரில் ஒருவனுடைய தங்கை மகள் இன்னும் இருக்கிறாளாம். அவளிடம் சொல்லிவிட்டேன் என்று எழுதியிருந்தார். அவள் என்ன சொன்னாள் என்று எழுதவில்லை.

பட்டியலை மாற்றிவிட்டதாக அப்புறம் தகவல் வந்தது. கொழுந்தியாள் திறந்து காட்டினாள். கடல் என்ற சொல் இல்லை. எங்கள் ஊர் பெயர் இருந்தது. அவள் புருவம் ஏறியது.

"ஊர் பேரை தப்பா அடிச்சிருக்காரு."

"விட்டுருடி" என்றாள் என் மனைவி.

"எப்படிக்கா விட? ஒரு எழுத்து மாறுனா அது தேனி பக்கம் போயிரும்."

"வெள்ளைக்காரனையும் விட மாட்டா இவ" என்றான் தம்பி. மறுபடி எழுதினாள். அவரும் மறுபடி திருத்தினார்.

கல்லறை ஆபீஸ்காரர்கள் பங்குனியில் வந்தார்கள். கயிறு கட்டி, சின்னக் கரண்டியும் பிரஷ்ஷும் வைத்து, இரண்டு குழியையும் திறந்தார்கள். பூட்ஸ் அடி, பல், ஒரு பெல்ட் கொக்கி, எலும்பு. அதிகம் இல்லை. எரிந்தவர்கள்தானே. தனித்தனிப் பெட்டியில் வைத்து மூடினார்கள். வந்தவர்களில் மூத்தவர் செருப்பைக் கழற்றிவிட்டுத் தலைகுனிந்து நின்றார். நாங்களும் நின்றோம். தம்பி துண்டைத் தோளிலிருந்து எடுத்தான்.

தகரத்தையும் கேட்டார்கள். வெளிநாட்டில் வைத்துப் பாதுகாப்பார்களாம். எனக்குச் சம்மதம். ஊர்ப் பெண்கள் விடவில்லை.

"அது ஆளு இல்ல. படம். பெயிண்டு" என்றேன்.

"படம்னா என்ன? எங்க வீட்டுல இருக்க சாமி அம்புட்டும் சிவகாசிப் படந்தான்" என்றாள் ஒரு பெரியம்மா.

ஆபீஸ்காரருக்குக் கொழுந்தியாள் அதை இங்கிலீஷில் சொன்னாள். அவர் சிரித்துவிட்டு, எண்ணை மட்டும் அச்சு எடுத்துக்கொண்டு போனார். தகரம் இப்போது கண்மாய்க் கரையில் ஓர் ஓட்டுக் கொட்டகைக்குள் இருக்கிறது. மஞ்சள் சாத்தியிருக்கிறார்கள். பட்டியலைத் திருத்த முடிந்தது. இவர்களைத் திருத்த என்னால் முடியாது. முயலவும் இல்லை.

பெட்டிகளை ஏற்றிய வண்டி ரோட்டுக்கு ஏறும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். இனி அவர்களுக்குச் சுவர் இல்லை, இடம் உண்டு. அடுத்த வாரம் பத்திர ஆபீஸில் கையெழுத்துப் போட்டேன். தம்பி ஒரு காபி வாங்கிக் கொடுத்தான். குடித்து முடித்து டம்ளரை வைக்கும்போது, "அக்கா பேரு ஏற எம்புட்டு நாளாச்சுண்ணே?" என்று கேட்டான்.

"ரொம்ப நாளு."

"ம்" என்றான்.

சித்திரையில் ஜேசிபி வந்தது. நிலம் இப்போது கம்பெனிக்காரருடையது. ஆனாலும் போயிருந்தேன். மற்ற இடமெல்லாம் இளகலாக வந்தது. மூலைக்கு வந்ததும் டிரைவர் வண்டியை நிறுத்தி எட்டிப் பார்த்தான். உழாத மண், கெட்டியாக இருந்தது.

"இங்கன எதும் இருக்கா அண்ணாச்சி?"

"இல்ல" என்றேன். "ஓட்டு."